அரிஷ்டம் என்று எழுதியிருக்க வேண்டும்

கூடத்து ஃபேன் சுற்றாமல் முனகிக்கொண்டிருந்தது. கப்பாசிட்டர் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன். ஸ்டூலில் நான் ஏறிக்கொண்டேன். அப்பா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

“கரெண்ட ஆஃப் பண்ணிட்டியா?”

“பண்ணியாச்சுப்பா.”

“சுவிட்ச்லயா, மெயின்லயா?”

“மெயின்லதான்.”

“எதுக்கும் டெஸ்டர வச்சுப் பாத்துக்கோ. இஞ்சினீயர்னு தெரிஞ்சா கரெண்டு ஒதுங்கியா போவும்?”

திருப்புளியைக் கேட்டேன். நீட்டினார். நீட்டிய கை ஓரிடத்தில் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்கள் கீழே தொய்ந்து, மேலே வெட்டி, மறுபடி தொய்ந்தன. திருப்புளி தரையில் விழுந்தது.

“சாரக்காத்துல்லா. குளிருது,” என்றார்.

குனிந்து எடுக்கப் பார்த்தார். வயிற்றில் சேர்ந்திருந்த நீர் குனியவிடவில்லை. நானே இறங்கி எடுத்தேன். ஐந்து நிமிட வேலை. ஃபேன் சுற்றியது. அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

“நல்லா ஓடுது. முதலாளிட்ட சொல்லி லாட்ஜ்ல உள்ள எல்லா ஃபேனுக்கும் உன்னையவே கூப்பிடச் சொல்லுதேன். கூலியில எனக்குப் பாதி.”

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. மறுநாள் காலை நாங்கள் திருநெல்வேலிக்குப் போவதாக இருந்தது. சிகிச்சைக்கு அல்ல. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கு.

அப்பாவின் பெயர் ஆவுடைநாயகம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு லாட்ஜின் மேனேஜர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே லாட்ஜ், அதே மேஜை. தென்காசியில் வீடு. சாதாரண நாட்களில் காலை பஸ்ஸில் போய் இரவு வருவார். சீசன் மாதங்களில் வீட்டுக்கே வரமாட்டார். வெளுத்த சட்டைகளை ஒரு பையில் போட்டு அம்மா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள்.

எங்களுடையது சைவ வீடு. வெங்காயம் கூடச் சில கிழமைகளில் கிடையாது. அந்த ஒழுங்கை அப்பா லாட்ஜிலும் கொண்டுபோய் வைத்தார். அறையில் யாரும் குடிக்கக் கூடாது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் இப்படி ஒரு விதி வைப்பது எப்படிப்பட்டது என்று அங்கே லாட்ஜ் நடத்துகிறவர்களைக் கேட்டால் தெரியும். அருவியில் குளிப்பதற்கு வருகிறவர்களும் உண்டு. குளிப்பதைச் சாக்காக வைத்து வருகிறவர்களும் உண்டு.

பள்ளி விடுமுறையில் நான் அங்கே போயிருக்கும்போது நடந்த ஒன்று. மாடி அறையில் நான்கு இளைஞர்கள். அப்பா கதவைத் தட்டினார். திறந்தவன் வாயைத் திறக்கும் முன்பே உள்ளே போய், ஜன்னல் விளிம்பில் இருந்த குளிர்பானப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மோந்தார்.

“சத்தியமா குடிக்கல அண்ணாச்சி. இது சும்மா கலரு.”

“கலருக்கு இந்த நாத்தமா? சாமானக் கட்டுங்கலே.”

“அருவியில நின்னது குளிருது அண்ணாச்சி. ஒரு சூட்டுக்கு.”

“சூட்டுக்குன்னா கீழ சுக்குக்காப்பி விக்கான். என் காசுல வாங்கித்தாரேன். குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

உண்மையாகவே வாங்கிக் கொடுத்தார். மீதி வாடகையையும் எண்ணிக் கொடுத்தார். லாட்ஜ் முதலாளி பரீது பாய் கீழே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஓய், நீரு லாட்ஜ் நடத்துதீரா, மடம் நடத்துதீரா?”

“மடம்னா வாடகை வராதுல்லா முதலாளி. இது லாட்ஜ்தான்.”

குடும்பத்தோடு வருகிறவர்கள் வருடாவருடம் அந்த லாட்ஜையே தேடி வந்ததால் பாய் பொறுத்துக்கொண்டார். அப்பாவின் முறையில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். யார் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. சத்தியம் செய்தாலும் அழுதாலும் நம்பமாட்டார். பாட்டிலை எடுத்து மோந்து பார்ப்பார். அதுதான் அவருக்குச் சாட்சி.

சீசன் நாட்களில் அவர் ஒருவேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. காலையிலிருந்து சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. எதிர்க்கடை வாழைக்காய் பஜ்ஜி. கும்பல் ஓய்ந்து மூன்று நான்கு மணிக்கு மலைபோல் சோறு. சாப்பிட்ட கையோடு மேஜையில் தலை சாய்ப்பார். சீசன் முடிந்தால் நாள் முழுக்க நாற்காலி. தொந்தி வந்தது. மேனேஜர் என்றால் தொந்தி இருக்கத்தானே செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். சர்க்கரை வந்தது. தென்காசியில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை என்றார்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்ன ஒரு டாக்டர் அறிக்கையைப் பார்த்துச் சிரித்தார். கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை.

“இது எல்லாருக்கும் இருக்கும் அண்ணாச்சி. எனக்கும் இருக்கு. எண்ணெயக் கொறைங்க, கொஞ்சம் நடங்க.”

அப்பா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். “டாக்டருக்கும் இருக்காம்ட்டி.”

சில வருடம் கழித்து மறு ஸ்கேன். இரண்டாம் நிலை. வேறு டாக்டர், அதே பேச்சு. கல்லீரல் இறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டு. வலியில்லாத சோதனை, வயிற்றின் மேல் வைத்து எடுப்பது, சில ஆயிரத்தில் முடிவது. அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசவும் ஆளில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், அறிக்கையை மடித்துக் கொடுத்தார்கள், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

நான் சுரண்டைப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் இரும்புத்துகள் கூடியிருப்பதாக ஆய்வில் வந்தால் அந்த வாரமே திறந்து பார்க்க வேண்டும். ‘எல்லாக் காற்றாலையிலும் இருக்கும்’ என்று எழுதி அனுப்பினால் எனக்கு வேலை போய்விடும். மனிதனுக்கு அப்படி எழுதினால் யாருக்கும் எதுவும் போவதில்லை. கன்சல்டிங் பீஸ்கூடத் திரும்பி வருவதில்லை.

சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்கிறது, எழுந்து நடக்கத் தெம்பில்லை என்று அப்பா செங்கோட்டையில் ஒரு ஆயுர்வேத வைத்தியசாலைக்குப் போனார். வைத்தியர் கேரளத்துக்காரர். செரிமானத்துக்கு ஒரு அரிஷ்டம் கொடுத்தார். அப்பா அங்கேயும் பாட்டிலைத் திறந்து மோந்தார்.

“வைத்தியரே, இதுல சாராய வாசம் வருதே.”

“அது தானே ஊறி உண்டாகுறதாக்கும். யாரும் சேர்க்குறதல்லா. லேபிள்ல போட்டிட்டுண்டு, வாசிச்சு நோக்கணும்.”

வாசித்துப் பார்த்தார். தானாக உண்டாகும் ஆல்கஹால் சிறு அளவில் இருப்பதாகப் போட்டிருந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு, மருந்து மருந்துதான் என்று முடிவு செய்தார். இரண்டு வேளை, சோற்றுக்குப் பிறகு, மூடியில் அளந்து, வெந்நீர் கலந்து. மூன்று வருடம்.

அப்பாவின் ஈரலைக் கெடுத்தது அது இல்லை. பிறகு மதுரையில் பார்த்த ஈரல் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: கொழுப்பும் சர்க்கரையும் பத்துப் பதினைந்து வருடமாகத் தின்ற ஈரல் இது. அந்த மருந்தை நிறுத்தியது நல்லது, ஆனால் காரணம் அது அல்ல.

இந்த வருடம் தை பிறந்த சமயத்தில் லாட்ஜ் மேஜையிலேயே ரத்த வாந்தி எடுத்தார். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. உள்ளே குழாய் விட்டுக் கட்டுப் போட்டார்கள். ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். மறுநாள் ஓர் இளம் பெண் டாக்டர் கட்டிலருகே வந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“குடிப்பழக்கம் உண்டா?”

அம்மா பதறிப்போனாள். “ஐயய்யோ. அந்தப் பேச்சே எங்க வீட்ல கெடையாதும்மா.”

அப்பா கையைத் தூக்கினார். பேசவே தெம்பில்லாத நேரம்.

“இரு வடிவு. டாக்டர்ட்ட மறைக்கக் கூடாது. எம்மா, நான் ஒரு அரிஷ்டம் எடுக்கேன். ரெண்டு வேளை. மூணு வருசமா. அதுல ஆல்கஹால் உண்டுன்னு பாட்டில்லயே போட்ருக்கு. எழுதிக்கோங்க.”

அந்த டாக்டர் எழுதிக்கொண்டார். சரியாகத்தான் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி கம்ப்யூட்டரில் அடிக்கப்பட்டு வந்தபோது அரிஷ்டத்தைக் காணவில்லை. ‘ஆல்கஹால்: உண்டு. தினம் இருமுறை. மூன்று வருடம்.’ அவ்வளவுதான் இருந்தது.

என் கம்பெனி வழியாகப் பெற்றோருக்கு எடுத்திருந்த பாலிசி உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். மருத்துவச் செலவைக் கேட்டு எழுதினேன். மது தொடர்பான நோய்க்குப் பாலிசியில் விலக்கு என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை அனுப்பியவர் அப்பாவைப் பார்த்ததில்லை. சம்மரியின் ஒரே ஒரு வரியைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரிப் பணம் அம்மாவின் கழுத்திலிருந்து போனது. அதற்குப் பிறகுதான் உண்மையான செலவே ஆரம்பித்தது. வயிற்றில் நீர் சேரும். குத்தி எடுப்பார்கள். எடுத்த நீருக்கு ஈடாக ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பில் ஏற்ற வேண்டும். கையடக்கமான ஒரு பாட்டில் ஐயாயிரத்துக்கு மேல். ஒருமுறைக்குப் பல பாட்டில். ஈரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறினால் கை உதறும், நினைவு தடுமாறும். அது ஏறாமல் இருக்க ஒரு மாத்திரை. அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அப்பா, “ஒரு மாத்திர வெலைக்கு ஒரு ஆளு வயிறார மீல்ஸ் சாப்பிடலாமே,” என்றார். ஒருநாள் ஒன்றை விழுங்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை அம்மா கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள்.

மதுரையில் ஈரல் மாற்று அறுவைக்கு இருபது லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். என் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், ரத்த வகை பொருந்துகிறது என்றார்கள். கல்யாணமாகாத பெண் வயிற்றில் தழும்பா என்று அம்மா ஒருநாள் அழுதாள். மறுநாள் அவளே என்னோடு மீதிப் பரிசோதனைகளுக்கு வந்தாள். பாலிசி கைகொடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். வீட்டை அடகு வைத்து மீதியைப் புரட்டலாம். பாலிசி கைகொடுக்க அந்த ஒரு வரி திருந்த வேண்டும். கணக்கு அவ்வளவு எளிமையானது.

நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேன். எழுதிய டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டார். ரெக்கார்டு செக்‌ஷனில் முடியாது என்றார்கள். நோயாளி கொடுத்த தகவலை மகள் வந்து மாற்ற முடியாது. மதுரை மருத்துவரின் கடிதத்தைக் காட்டினேன். அது வேறு ஆஸ்பத்திரி என்றார்கள். கடைசியாகப் பெரிய டாக்டரைப் பிடித்தேன். அவர் நின்றபடியே சொன்னார்: “அப்பாவக் கூட்டிட்டு வாங்க. நானே புதுசா கேட்டு எழுதுறேன். அவர் வாயால சொல்லணும்.” திங்கள்கிழமை நேரம் தருவதாகச் சொன்னார்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் அசையவில்லை.

“அன்னைக்கும் என் வாயாலதான சொன்னேன்.”

“அது கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிட்டுப்பா.”

“ஏத்துனவன்லா எறக்கணும். நான் எதுக்கு அங்கன போய் நிக்கணும்? நான் குடிகாரன் இல்லன்னு சொல்லுததுக்கா?”

“ஆமா. அதச் சொல்லத்தான்.”

“ஏட்டி, குடிகாரன்தான் அப்படிச் சொல்லுவான். எத்தன வருசமா கேட்ருக்கேன்! சத்தியமா குடிக்கல அண்ணாச்சி, எம்பிள்ள மேல சத்தியம் அண்ணாச்சி. ஒருத்தன் சொன்னதையாது நான் நம்பிருக்கேனா? இன்னிக்கு என்னைய எவன் நம்புவான்?”

“நான் வந்து சொல்லுதேன்ங்க,” என்றாள் அம்மா. “கட்டுன நாள்லேருந்து தொட்டதில்லன்னு.”

“பொண்டாட்டியக் கொண்டுவந்து சொல்லவச்சவனும் உண்டு வடிவு. அவனையும் அனுப்பிட்டேன்.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிர் போகிற விஷயத்தில் மானம் பார்க்கிறார் என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் திங்கள் போயிற்று. அடுத்த திங்களும் போயிற்று. இடையில் இரண்டு முறை நீர் எடுத்தோம்.

பரீது பாய் ஒரு மாலையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு பார்க்க வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டார்.

“ஓய், ஒண்ணு கேக்கேன். எவன் சத்தியம் பண்ணாலும் நீரு நம்ப மாட்டீரு. சரிதானா?”

“சரிதான்.”

“பொறவு எத நம்புவீரு?”

அப்பா அவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“பாட்டில எடுத்து மோந்து பாப்பீருலா? என் லாட்ஜ்ல பாதிப்பேர ஓட்டுனது உம்ம மூக்குதானவே. அந்த ஆஸ்பத்திரில எவனாவது பாட்டில மோந்து பாத்தானா? பாக்காம எழுதிட்டான். நீரு செய்யாத அநியாயம். போய் மேசைல பாட்டில வையும். மோந்து பாருன்னு சொல்லும்.”

அப்பா கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார்.

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அடுத்த திங்களுக்கு டோக்கன் போட்டேன். அலமாரியில் பாதி மிச்சமிருந்த அரிஷ்டப் பாட்டிலைத் தேடி எடுத்தார். லேபிள் கிழியாமல் துடைத்தார். ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஃபேனை மாற்றிய பிறகு, என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். “எழுதுனது தப்புன்னு சண்டைக்கு வரல டாக்டர். பாக்காம எழுதிட்டிய. இப்பப் பாத்து எழுதுங்க. இப்படிச் சொன்னாப் போதும்லா?” போதும் என்றேன்.

திங்கள் காலை ஷேவ் செய்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. செருப்பைப் போட உட்கார்ந்தவர் எழவில்லை.

“பன்னெண்டாம் நம்பர் காலி பண்ணிட்டாவளா?”

“எப்பா?”

“சாவிய வாங்கிட்டியா? அந்த செங்கல்பட்டு பார்ட்டி கெளம்பிட்டா?”

அம்மா அவர் முகத்தைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டார். ரூம் இல்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் வந்தது.

பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று கார் பறந்தது. போக வேண்டியிருந்த அதே ஆஸ்பத்திரி. மாடியில் பெரிய டாக்டரின் அறை. நாங்கள் கீழே, அவசரப் பிரிவில். அங்கிருந்த டாக்டர் கம்ப்யூட்டரில் அப்பாவின் பெயரைத் தட்டினார். பழைய சம்மரி வந்தது. பழைய வரியைப் புதிய பக்கத்துக்கு அப்படியே எடுத்துப் போட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

“அது தப்பு டாக்டர். அதத் திருத்தத்தான் இன்னிக்கு வந்தோம்.”

“அத அப்புறம் பாக்கலாம்மா. மொதல்ல அட்வான்ஸ் கட்டுங்க.”

அம்மா பையோடு நின்றாள். ஒரு நர்ஸ் என்ன என்று வாங்கிப் பிரித்தார். மூடி தளர்ந்து கொஞ்சம் சிந்தியிருந்தது. மூக்கைச் சுளித்தார்.

“மருந்துக் குப்பிம்மா. அரிஷ்டம்,” என்றாள் அம்மா.

நர்ஸ் சரி என்று தலையாட்டினார். லாட்ஜில் சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்து அப்பா அப்படித்தான் தலையாட்டுவார்.

மறுநாள் விடியும்போது அப்பா இல்லை. கொடுத்த காகிதத்தில் இறப்புக்குக் காரணம் போட்டிருந்தது. மதுவால் கெட்ட ஈரல். ஒருமுறை கவனக்குறைவாக அடித்தது. அடுத்த முறை எடுத்து ஒட்டியது. மூன்றாவது முறை அது சான்றிதழ். இதற்கிடையில் ஒருவர்கூட அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் கடைசிப் பில்லில் மருத்துவ ஆலோசனைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை உண்டு. கட்டினேன். கட்டினால்தான் உடலைத் தருவார்கள்.

எங்கள் தெருவில் பந்தல் போட்டிருந்தது. துட்டிக்கு வந்தவர்களில் இருவர் பந்தல்காலில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு உள்ளே பெண்கள் இருந்த இடம் வரை கேட்டது.

“என்னவாம்?”

“ஈரலு போச்சாம்.”

“ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கா? தொட மாட்டாவளே.”

“லாட்ஜ்லலா வேல. விட்டுட்டுப் போற குப்பியெல்லாம் எங்க போவும்? தெரியாம அடிச்சிருப்பாவ.”

“அடப்பாவி. நம்ம பயல அன்னைக்கு ரூம விட்டு எறக்குனாவளே.”

சிரித்தார்கள். நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் முகத்தில் அழுகை நின்றுபோயிருந்தது. எல்லாரும் போன பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தக் காயிதத்த மாத்தவே முடியாதா வித்யா? பணம் வேண்டாம். அது மட்டும்.”

காரியங்கள் முடிந்த மறுநாள் திருநெல்வேலிக்குப் போனேன். ரெக்கார்டு செக்‌ஷனில் ஜெயசித்ரா என்று பெயர்ப் பட்டை குத்திய பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டாள்.

“மேடம், ஹிஸ்டரி பேஷன்ட் குடுத்தது. மாத்தணும்னா பேஷன்ட்தான் வந்து சார்ட்ட சொல்லணும்.”

“பேஷன்ட் இறந்துட்டாரு.”

“எங்க?”

“இங்கதான். உங்க ஐசியூல.”

அவள் கை விசைப்பலகையில் நின்றது. சாரி மேடம் என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்று நினைக்கிறேன். அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எண்ணைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தட்டிப் பார்த்தாள்.

“அந்தத் திங்கக்கெழம சார்ட்ட பத்தரைக்கு டோக்கன் போட்ருக்கே மேடம். ஹிஸ்டரி திருத்துததுக்குன்னுதான் இருக்கு. அன்னைக்கு வந்திருந்தாவன்னா சார் அப்பவே மாத்திக் குடுத்திருப்பாவளே.”

“வந்தோம்.”

“இல்லையே மேடம்.”

திரையை என் பக்கம் திருப்பினாள். அப்பாவின் பெயர். வயது. டோக்கன் எண். கடைசிக் கட்டத்தில், நோயாளி வரவில்லை.